நாற்பத்திரண்டு மரங்களில் கசிவு

எங்கள் அலுவலகத்தில் ரகசியம் என்று ஒன்று இருப்பது, அது வெளியே போன பிறகுதான் எங்களுக்கே தெரியவரும். இடமாற்றப் பட்டியல் அப்படித்தான் தெரிந்தது. பெரிய ஐயா கதவைச் சாத்திக்கொண்டு தன் கையாலேயே எழுதிய பட்டியல் அது. அதை உறையிலிட்டு ஒட்டி, கிளைகளுக்கு அனுப்பியவன் தபால் எழுத்தராகிய நான். கிளைகளுக்குப் போய்ச் சேருமுன்பே எதிர் டீக்கடையில் அதை ஒருவர் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார். யாரை எந்த மூலைக்குத் தூக்கியடித்திருக்கிறார்கள் என்று டீக்கடைக்காரர் எனக்கே விவரமாகச் சொன்னார். நானும் புதிதாகக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டேன்.

மறுநாள் சுற்றறிக்கை வந்தது. பெரிய ஐயாவின் தமிழ் பெரிய மீனோடு சின்ன மீனையும் சேர்த்து வாரும் வலை. "துறையின் எல்லைக்குள் எங்கு, எவ்வகையில், எந்த அளவில் கசிவு காணப்பட்டாலும், காண்பவர் எவராயினும் உடனடியாக எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காதவர் கசிவுக்கு உடந்தையாகக் கருதப்படுவார்." எங்களுடையது வனப்பொருள் துறை. அதன் எல்லைக்குள் ஒரு மலைச்சரிவு, ஒரு வறண்ட காடு, மூன்று சோதனைச் சாவடிகள் எல்லாம் வருகின்றன. சாவடிச் சுவர்களிலும் சுற்றறிக்கையை ஒட்டச் சொன்னார்கள். ஒட்டினேன். இரண்டு இடத்தில் பசை பிடிக்கவில்லை, ஆணி அடித்தோம்.

மூன்றாம் சாவடிச் சுவரில் ஆணியில் தொங்கிய சுற்றறிக்கையை ஒரே ஒருவர்தான் முழுக்கப் படித்தார். அவர் பிசின்காரர். எழுத்துக் கூட்டிப் படிப்பவர் என்பதால் ஒரு சொல்லையும் விடவில்லை. நாங்கள் யாரும் அதை இரண்டாவது வரிக்கு மேல் படிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவர் பிசின் எடுக்கும் மரத்துக்குத் தாவர நூலில் ஒரு நீளமான பெயர் உண்டு. எங்கள் பதிவேட்டில் அது 'பிசின் வகை, இரண்டு'. அவர் வெள்ளச்சி என்பார். வெயில் காலம் தொடங்குமுன் இலையெல்லாம் கொட்டிவிட்டு, வெளுத்த பட்டையோடு பாறை இடுக்குகளில் நிற்கும். பட்டை காகிதம் காகிதமாக உரியும். பட்டையில் நாலு விரல் அகலத்துக்கு ஒரு வெட்டுப் போடுவார், அவ்வளவுதான். உள்மரத்தைத் தொட்டால் மரம் போய்விடும். வெட்டின இடத்தில் முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு வியர்த்த மாதிரி ஈரம் தட்டும், திரளும், கெட்டியாக இறங்கிக் காயும். இதற்கு அவர் தொழிலில் ஒரே ஒரு சொல்தான் உண்டு. கசிவு.

ஆகவே அவர் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, நோட்டுப் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து எழுதிக்கொண்டு வந்தார். "ஐயா அவர்களுக்கு. மூன்றாம் தடத்தில் நாற்பத்திரண்டு மரங்களில் கசிவு இருக்கிறது. நல்ல கசிவு. வெயில் ஏற ஏறக் கூடும். மழை விழுந்தால் நின்றுவிடும். வெட்டிவிட்டது நான்தான். பதினெட்டு வருஷமாகச் செய்கிறேன். முன்பே சொல்லாததற்கு மன்னிக்கவும்." கீழே பெயர், அனுமதி அட்டை எண், தேதி எல்லாம் ஒழுங்காக இருந்தன.

படித்ததும் சிரிப்பு வந்தது. அவரைப் பார்த்தேன். சட்டையின் மேல் பொத்தானைக்கூடப் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் நிற்பதுபோல் நின்றார். "இதை எடுத்துட்டுப் போங்கண்ணே" என்று நான் சொல்லியிருக்கலாம். ஆனால் என் கை அதற்குள் முத்திரையைக் குத்திவிட்டிருந்தது. இருபத்து மூன்று வருஷப் பழக்கம், கை என்னைக் கேட்பதில்லை. முத்திரை விழும்வரை அது காகிதம். விழுந்த பிறகு தபால். தபாலைத் திருப்பிக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை.

பெரிய ஐயா 'பதினெட்டு வருஷமாக' என்ற சொல்லுக்குக் கீழே சிவப்பு மையால் இரண்டு கோடு போட்டார். மூன்றாம் நாள் தலைமையகத்திலிருந்து கசிவுத் தடுப்பு அலுவலர் வந்து இறங்கினார். ஒல்லியான மனிதர், குரல் அதைவிட ஒல்லி. எங்கள் டீயைக் குடிக்கவில்லை. சொந்தமாகத் தண்ணீர்ப் புட்டி வைத்திருந்தார். ஒவ்வொரு தடவை குடித்த பிறகும் மூடியைத் திருகி, தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, பிறகுதான் மேசையில் வைப்பார்.

முதல் விசாரணையில் குறிப்பெடுக்க என்னை உட்காரவைத்தார்கள். பிசின்காரர் தன் மரத்தைப் பற்றி எல்லாவற்றையும் விளக்கினார். அலுவலர் பொறுமையாகக் கேட்டார். நடுவில் ஒரு தடவைகூடக் குறுக்கிடவில்லை. கேட்டு முடித்துவிட்டுச் சிரித்தபோது, விஷயம் முடிந்தது என்று நானும் பேனாவை மூடினேன்.

"பிசின்தான்னு எனக்குத் தெரியாதா? நானும் காடு பார்த்தவன்தான்" என்றார் அலுவலர். "ஆனா கோப்புக்குத் தெரியாதே. கோப்புல கசிவுன்னு இருக்கு. கசிவு இருந்தா, கசியவிட்டவர் ஒருத்தர் இருக்கணும். நீங்களே உங்க கைப்பட எழுதிக் குடுத்திருக்கீங்க. இப்ப நான் போய் இது வெறும் பிசின்னு எழுதினா மேல என்ன கேப்பாங்க? அப்ப நிஜக் கசிவு எங்கேன்னு கேப்பாங்க. அதுக்கு நான் எங்க போறது, சொல்லுங்க?"

கசிவு என்பதை அடித்துவிட்டுப் பிசின் என்று எழுதித் தரட்டுமா என்று பிசின்காரர் கேட்டார். வாக்குமூலத்தை மாற்றினால் அது தனிக் குற்றம், உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்று அலுவலர் அன்பாகச் சொன்னார். பிறகு அனுமதி அட்டையை வாங்கி, இரண்டு பக்கமும் பார்த்து, தன் பையில் வைத்துக்கொண்டார். சரிபார்த்துத் தருவார்களாம்.

அந்த அட்டை இல்லாமல் பிசின்காரர் சாவடியைத் தாண்டிக் காட்டுக்குள் கால் வைக்க முடியாது. மழைக்கு இன்னும் நாற்பது நாளோ நாற்பத்தைந்து நாளோதான் இருந்தது. அதற்குள் எடுக்கும் பிசின்தான் அவருக்கும் மனைவிக்கும் வருஷம் முழுக்கச் சோறு. திரண்ட பிசினைக் காலத்தில் எடுக்காவிட்டால் தூசி படிந்து சிவந்துபோகும், எவனும் வாங்கமாட்டான். இதையும் அவர் சொன்னார். நான் குறித்துக்கொண்டேன். குறித்துக்கொள்வதில் எங்கள் அலுவலகத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை.

அட்டை இன்று வரும், நாளை வரும் என்று அவர் தினமும் வந்தார். அலுவலகத்திலேயே ஒரே ஒரு பெஞ்சுதான் உண்டு, அது என் பிரிவில் இருக்கிறது. காலையில் வந்து அதன் ஓரத்தில் உட்காருவார். அவர் மனைவி சில நாள் கூட வந்து வராந்தாவில் இருப்பார். பிசினில் வெள்ளை தனி, சிவப்பு தனி என்று பிரிப்பது அந்த அம்மாவின் வேலை. பிரிக்க ஒன்றும் இல்லாததால் விரல்கள் சும்மா இருக்க முடியாமல் சேலைத் தலைப்பை நூல் நூலாகப் பிரித்துக்கொண்டிருந்தன. எங்களிடம் யாராவது நாலு நாள் வந்தால் நாற்காலியோடு சேர்த்துக் கணக்கெடுத்துவிடுவோம். பத்தாம் நாளில் அவர்கள் இருவரையும் எங்களில் யாரும் கவனிக்கவில்லை.

ஒருநாள் நான் உறை ஒட்டிக்கொண்டிருந்தேன். பிசின்காரர் எழுந்து வந்து, கேட்காமலே பசைப் புட்டிக்குள் விரலை விட்டு, இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தார். முகம் சுளித்தது.

"இது ஒட்டாது தம்பி" என்றார் மெதுவாக. "தண்ணி ஊத்தியிருக்கீங்க."

ஊற்றியிருந்தேன். புதிய பசை கேட்டு ஒன்றரை வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். பசை வாங்க ஒப்புதல் தரும் கடிதம் ஒட்டாத உறையில் போய் எங்கோ காணாமல் போய்விட்டது என்று நினைக்கிறேன். இருக்கிற பசை கெட்டியாகும்போதெல்லாம் குழாய்த் தண்ணீர் ஊற்றுவேன். ஈரம் இருக்கும்வரை ஒட்டினதுபோல் இருக்கும். தபால் பை கிளைக்குப் போவதற்குள் காய்ந்து, உறை தானாக வாயைத் திறந்துகொள்ளும். இடமாற்றப் பட்டியல் எப்படி வெளியே போனது என்று இந்த உலகத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது இரண்டு பேருக்குத் தெரிந்துவிட்டது.

யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் அண்ணே, என் வேலையே போய்விடும் என்று கேட்டுக்கொண்டேன். அதில் சொல்ல என்ன இருக்கிறது என்றார் அவர். மறுநாள் ஒரு காகிதப் பொட்டலத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். உள்ளே வெள்ளை வெளேரென்று நாலைந்து பிசின் கட்டிகள். "அட்டை போறதுக்கு முன்ன எடுத்த முதல் கசிவு. ராத்திரி ஊறவச்சு ஒட்டுங்க, கத்தி வச்சாலும் பிரியாது" என்றார். நான் அதை இழுப்பறைக்குள் தள்ளிப் பூட்டினேன். கசிவு என்று அவர் வாய்விட்டுச் சொன்னதை யாராவது கேட்டார்களா என்றுதான் என் கவலை.

இதற்கிடையில் நேரடி ஆய்வு நடந்தது. இரண்டு வாகனங்களில் போனோம். இலையில்லாத காட்டில் நாற்பத்திரண்டு மரங்களும் வெள்ளையாக நின்றன. எடுக்க ஆளில்லாமல் பிசின் வெட்டுக்குக் கீழே முழம் முழமாக இறங்கியிருந்தது. அலுவலர் ஒரு மரத்தின் முன் வெகுநேரம் நின்று, "எல்லார் கண்ணுக்கும் தெரியுற மாதிரி... எவ்வளவு தைரியம்" என்றார். அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் பட்டது. சுற்றிலும் ஒரு பறவைச் சத்தமும் இல்லை.

அடுத்த வாரம் கசிவு அடைப்புப் பணி நடந்தது. சிமெண்டைக் குழைத்து ஒவ்வொரு வெட்டிலும் பூசி, அதற்குமேல் தார் தடவினார்கள். ஒவ்வொரு மரத்திலும் எண் எழுதினார்கள். இதைக் கேள்விப்பட்ட பிசின்காரர் முதல் தடவையாக, கூப்பிடாமல் அலுவலர் அறைக்குள் போனார். அவருக்கு வந்தது கோபம் இல்லை, பதற்றம். "காயத்த மூடத்தாங்க அது கசியுது. கசியலன்னா புழு ஏறிச் செத்துப்போயிடும்" என்று சொல்லிப் பார்த்தார். அலுவலர் நன்றி சொல்லி அனுப்பிவைத்தார். அந்த வாக்கியம் 'சம்பந்தப்பட்டவர் கசிவை வெளிப்படையாக நியாயப்படுத்தினார்' என்று கோப்பில் ஏறியது. ஏற்றியது நான்தான்.

பத்து நாள் கழித்து, பூசின இடத்துக்கு ஒரு சாண் மேலே பட்டை வெடித்துப் பிசின் வந்தது. ஏழு மரங்களில். அறிக்கை இப்படி முடிந்தது. "எச்சரித்தும் மரங்கள் ஒத்துழைக்கவில்லை. கசிவு ஓர் இடத்தில் தடுக்கப்பட்டால் வேறிடத்தில் தொடர்வதால், இது திட்டமிட்ட செயல் என்று தெரிகிறது." கீழே உத்தரவு. நாற்பத்திரண்டு பேரும் உடனடியாகப் பணியிலிருந்து விடுவிக்கப்பட வேண்டும். 'பேர்' என்பது தட்டச்சுப் பிழைதான். நான் திருத்தப் போனேன், பெரிய ஐயா வேண்டாம் என்றுவிட்டார். கையெழுத்தான பிறகு பிழை கிடையாதாம். இரண்டு நாளில் அறுத்துச் சாய்த்துவிட்டார்கள்.

பிசின்காரரிடம் இதை நான் சொல்லவில்லை. அவருக்கு டீக்கடையில் தெரிந்தது. அந்த உத்தரவையும் நான்தான் அதே தண்ணீர்ப் பசையால் ஒட்டி அனுப்பியிருந்தேன்.

அதனால் அலுவலருக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. மரங்களை விடுவித்த பிறகும் கசிவு நிற்கவில்லை. ஆகவே கசிவு அலுவலகத்துக்குள்ளே இருக்கிறது. அவர் இதைச் சொல்லிக்கொண்டே எங்கள் ஒவ்வொருவர் மேசைக்கும் வந்தார். என் மேசைக்கு வந்தபோது பசைப் புட்டியைத் தூக்கி, மூடியைத் திருகிப் பார்த்து, தலைகீழாகப் பிடித்தார். ஒரு சொட்டும் சிந்தவில்லை. திருப்தியாக வைத்துவிட்டுப் போனார். மூடி நல்ல மூடி.

அன்று மாலையே இன்னொரு சுற்றறிக்கை வந்தது. கசிவு என்பதில் ஊழியர்கள் அலுவலக நேரத்தில் கண் கசிவதும் அடங்கும் என்றது. அதையும் தட்டச்சு செய்தேன். யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பதற்குத் தனிச் சுற்றறிக்கை இன்னும் வரவில்லை, ஆனாலும் யாரும் சிரிக்கவில்லை.

கடைசி விசாரணை ஒரு செவ்வாய்க்கிழமை. மழைக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் பெரிய ஐயாவும் அலுவலரும் இருந்தார்கள், இந்தப் பக்கம் பிசின்காரர். ஓரத்தில் குறிப்பேடும் பசைப் புட்டியுமாக நான். முடிவை உடனே உறையிலிட வேண்டும் என்று புட்டியையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள்.

பெரிய ஐயா தொடக்க உரை ஆற்றினார். முப்பது வருஷமாக இந்தத் துறையில் தான் ஒரு தகவலைக்கூட வெளியே விட்டதில்லை என்றார். காட்டில் எத்தனை மரம் இருக்கிறது என்று மேலிடம் கேட்டபோதுகூடச் சொல்லவில்லையாம். தன் மேசைக்கு வந்த கோப்பு எதுவும் இன்றுவரை வெளியேறியதில்லை என்று சொல்லிவிட்டு, நெகிழ்ந்துபோய் உட்கார்ந்தார். கண் கசியாமல் பார்த்துக்கொண்டார்.

அலுவலர் தன் பையிலிருந்து அனுமதி அட்டையை எடுத்து மேசை நடுவில் வைத்தார்.

"மரம் போச்சு, அது வேற விஷயம். ரெண்டாம் தடத்துல இதே மரம் அறுபது நிக்குது. அட்டையில தடத்த மாத்தி இப்பவே தர்றேன், நாளைக்கே நீங்க காட்டுக்குப் போகலாம்" என்றார். "முப்பது நாளா அந்த பெஞ்சுல உக்காந்திருக்கீங்க. எங்க கண்ணுக்குப் படாதது உங்க கண்ணுக்குப் பட்டிருக்கும். இந்த ஆபீஸ்ல கசிவு எங்க இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, போதும்."

பிசின்காரர் அட்டையைப் பார்த்தார். பிறகு பசைப் புட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் பேனா காகிதத்தில் ஒரே இடத்தில் நின்று மை ஊறிக்கொண்டிருந்தது. நான் சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம்தான், 'பசையில் தண்ணீர் ஊற்றினேன் ஐயா'. அதற்கு என்ன தண்டனை, ஒரு குறிப்பாணை, ஓர் இடமாற்றம். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. என் பசை எதுவும் அப்படி ஒட்டியதில்லை.

"எனக்கு மரம் மட்டுந்தாங்க தெரியும்" என்றார் பிசின்காரர்.

அலுவலர் பெருமூச்சு விட்டார். உண்மையிலேயே வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். அட்டையை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, உத்தரவை அவரே கையால் இரண்டு பிரதி எழுதி, மடித்து, உறைகளுக்குள் போட்டு என்னிடம் நீட்டினார். என்ன எழுதினார் என்று நான் பார்க்கவில்லை. ஒன்று தலைமையகத்துக்கு, ஒன்று அலுவலகப் பிரதி. பின்வாசலில் வாகனம் நின்றது. பிசின்காரர் எழுந்துபோகும்போது, பெஞ்சில் வைத்திருந்த துண்டை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். வேண்டியிருக்காது என்றார் அலுவலர்.

நான் என் இடத்துக்கு வந்தேன். இந்த உறையும் வழியில் வாயைத் திறந்தால் அடுத்தது யார் என்று எனக்குத் தெரியும். இழுப்பறையைத் திறந்து பொட்டலத்தை எடுத்தேன். ஊறவைக்க நேரமில்லை. வெந்நீரில் ஒரு கட்டியைப் போட்டுக் குச்சியால் கலக்கினேன். பார்க்கப் பார்க்கப் பொங்கித் திரண்டது. இரண்டு உறையையும் ஒட்டினேன். அப்படி ஒரு பிடி! விரலைத் துணியால் துடைத்தும் போகவில்லை, தேய்த்துக் கழுவ வேண்டியிருந்தது.

அந்த உத்தரவு எங்கும் கசியவில்லை. டீக்கடைக்காரர் என்னிடம் வந்து, என்னதான் ஆச்சு சார் என்று கேட்கும் நிலை எங்கள் துறையின் வரலாற்றில் முதல் தடவையாக ஏற்பட்டது. தலைமையகம் பாராட்டி எழுதியது. கசிவுத் தடுப்பு அலுவலருக்குப் பதவி உயர்வு. 'கசிவற்ற ஊழியர்' என்று எனக்கு ஒரு சான்றிதழ் வந்தது, மீதிப் பிசினைக் கரைத்து அதை என் தலைக்குமேல் சுவரில் ஒட்டியிருக்கிறேன். கோணலாக ஒட்டிவிட்டேன், இப்போது எடுக்க முடியவில்லை. புதுப் பசைக்கு ஒப்புதலும் வந்துவிட்டது. பிசின் எடுப்பதற்குத்தான் ஆளில்லை.

மழை வந்து பதினைந்து நாள் ஆகிறது. அந்த அம்மா தினமும் வருகிறார். வராந்தாவில் இருந்தவர், இப்போது உள்ளே பெஞ்சில், பிசின்காரர் உட்கார்ந்த அதே ஓரத்தில், அந்தத் துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்காருகிறார். பெரிய ஐயா வெளியூர், அலுவலர் தலைமையகத்தில், எனக்கு ஒன்றும் தெரியாது என்று நானும் தினமும் சொல்கிறேன். அலுவலகப் பிரதி அவர் தலைக்குப் பின்னால் இருக்கும் பீரோவில்தான் இருக்கிறது. பிசின்காரர் எங்கே இருக்கிறார் என்று அதற்குள் எழுதியிருக்கும். உறையைப் பிரிக்க எனக்கு அதிகாரம் இல்லை. அதிகாரம் இல்லாமலே ஒருநாள் கத்தியை வைத்துப் பார்த்தேன். காகிதம்தான் ஓரத்தில் கிழியப் பார்த்தது, ஒட்டு அசையவில்லை. கிழிந்தால் தெரிந்துவிடும் என்று உள்ளேயே வைத்துவிட்டேன்.

இன்று அந்த அம்மா அழவில்லை, சத்தம் போடவுமில்லை. எழுந்து என் மேசைக்கு வந்து, பசைப் புட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நீங்க தண்ணி ஊத்துவீங்கன்னு அவரு என்கிட்ட சொல்லியிருக்காரு தம்பி. பாவம், புள்ளகுட்டிக்காரரு, யாருகிட்டயும் சொல்லிடாதேன்னாரு. நானும் சொல்லல" என்றார். "உங்க கவரெல்லாம் தன்னால பிரிஞ்சுக்கும்னுதானே சொன்னாரு. இது ஒண்ணு மட்டும் ஏன் தம்பி பிரியல?"

நான் எழுந்து கழிப்பறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டேன். அலுவலக நேரம் முடிய இன்னும் நாலு மணி நேரம் இருந்தது.